பார்த்தது பாதி, நினைத்தது மீதி
(ஜும்ஆ உரை, ஜெயங்கொண்டம்)

 



உங்கள் தம்பி துபாயில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று இஷாவுக்குப் பிறகு அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினீர்கள். தங்கச்சி கல்யாணச் செலவு பற்றிய செய்தி. கொஞ்ச நேரத்தில் இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது. பதில் வரவில்லை. பத்து நிமிடம் பார்க்கிறீர்கள், அரை மணி நேரம் பார்க்கிறீர்கள், படுக்கும்போதும் ஒருமுறை எடுத்துப் பார்க்கிறீர்கள்.

அந்த நேரத்தில் உங்கள் நெஞ்சில் என்ன இருக்கிறது? 'தம்பி படித்துவிட்டான், இன்னும் பதில் போடவில்லை' என்பது மட்டும் இருந்தால் அது உண்மை. ஆனால் நம்மில் யாருக்கும் அது அங்கே நிற்பதில்லை. 'பணம்னு சொன்னதும் வாயை மூடிக்கிட்டான்' என்று வருகிறது. 'அவன் பொண்டாட்டி சொல்லிக் கொடுத்திருப்பா' என்று வருகிறது. 'வாப்பா மௌத்தானப்பவும் இவன் இப்படித்தான் இருந்தான்' என்று பத்து வருடத்துப் பழைய கணக்கு வருகிறது. விடியும்போது உங்கள் மனதுக்குள் ஒரு வழக்கு நடந்து, சாட்சி விசாரித்து, தீர்ப்பும் எழுதி முடிந்திருக்கும். தம்பி பாவம், நைட் டியூட்டியில் சூப்பர்வைசர் கூப்பிட்டதும் போனைப் பையில் போட்டவர், காலையில்தான் எடுத்திருப்பார். அல்லது உண்மையிலேயே பதில் சொல்லத் தயங்கி இருந்திருப்பார். இரண்டில் எது என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாது என்பது பெரிய விஷயமில்லை. தெரியும் என்று தோன்றுகிறதே, அதுதான் விஷயம். நீங்கள் கண்ணால் பார்த்தது இரண்டு நீலக் கோடு மட்டும். மீதி அத்தனையும் உங்கள் எழுத்து.

இன்றைக்கு இரண்டு கேள்விகளைப் பற்றிப் பேசலாம். நம் நெஞ்சில் தானாக வந்து விழுகிற எண்ணத்துக்கு நாம் பொறுப்பா? இன்னொருவர் நெஞ்சில் இருப்பதை முடிவு செய்ய நமக்கு என்ன உரிமை? இவற்றை இன்று எடுப்பதற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூடம், ஐ.டி. கம்பெனி, ஆஸ்பத்திரி என்று எங்கு பார்த்தாலும் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்ற பேச்சு இருக்கிறது. கவனத்தோடு இருத்தல் என்று தமிழில் சொல்லலாம். டாக்டர் அந்த வகுப்புக்குப் போகச் சொல்கிறார், போகலாமா, அது வேற்று மதத்துத் தியானம் இல்லையா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் அடுத்தவரைப் பற்றி நாம் நினைக்கிற முறையை எடுத்துக்கொள்வோம். இதை ஆராய்வதற்கென்றே மனவியலில் ஒரு துறை இருக்கிறது. சமூக அறிதல் என்று அதற்குப் பெயர். மனிதன் மனிதனை எப்படிப் புரிந்துகொள்கிறான், எங்கே தவறாகப் புரிந்துகொள்கிறான் என்பது அதன் பாடம். ஃபிரிட்ஸ் ஹைடர் என்ற அறிஞர் 1958-ல் எழுதிய நூலிலிருந்து இது வேகம் பிடித்தது. 1977-ல் லீ ராஸ் என்பவர் நம் எல்லோரிடமும் இருக்கும் ஒரு பிசகுக்குப் பெயர் வைத்தார். அடுத்தவர் தவறு செய்தால் காரணத்தை அவருடைய குணத்தில் தேடுவோம், அவருடைய சூழ்நிலையை மறந்துவிடுவோம் என்பதே அந்தப் பிசகு. நம் ஊர் நால்ரோட்டில் ஒருவன் பைக்கைக் குறுக்கே விட்டால் 'திமிர் பிடிச்சவன்' என்கிறோம். அதே இடத்தில் நாமே குறுக்கே போனால், ஆஸ்பத்திரிக்கு அவசரம், பஸ் போய்விடும், பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான் என்று காரணம் வரிசையாக வருகிறது. அவனுக்குக் குணம், நமக்குச் சூழ்நிலை.

இதில் நம் நாட்டைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது. ஜோன் மில்லர் என்ற ஆராய்ச்சியாளர் மைசூரில் வாழ்ந்த மக்களையும் அமெரிக்காவின் சிகாகோவில் வாழ்ந்த மக்களையும் ஒப்பிட்டு 1984-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் ஒருவர் ஒரு காரியம் செய்தார், ஏன் செய்தார் என்று கேட்டால், சிகாகோவின் பெரியவர்கள் அதிகமும் அவருடைய குணத்தைச் சொன்னார்கள். மைசூர்ப் பெரியவர்கள் அதிகமும் அவருடைய நிலைமையை, உறவுகளை, கடமைகளைச் சொன்னார்கள். சிறு பிள்ளைகளிடம் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வயது ஏற ஏறத்தான் வித்தியாசம் கூடியது. அப்படியென்றால் இது பிறவியில் வந்ததல்ல, வளர்ப்பில் வந்தது. 'அவ வீட்டு நிலைமை அப்படி, என்ன செய்வா பாவம்' என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்களே, அது ஒரு கல்வி. போன் திரைக்குள் வந்ததும் அந்தக் கல்வி நம்மிடமிருந்து நழுவுகிறது என்பது என் எண்ணம். காரணம் எளிது. எதிரில் இருக்கும் ஆளின் முகம் வாடியிருப்பது தெரியும், வீட்டில் அடுப்பு எரியாதது தெரியும். திரையில் செயல் மட்டும்தான் தெரியும், சூழ்நிலை தெரியாது.

மதீனாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். பனூ முஸ்தலிக் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஆயிஷா (ரழி) தொலைந்த கழுத்து மாலையைத் தேடிப் போனார்கள். படை புறப்பட்டுவிட்டது. பின்னால் வந்த ஸஃப்வான் (ரழி) தம் ஒட்டகத்தில் அவர்களை ஏற்றி, தாம் நடந்து, அழைத்து வந்து சேர்த்தார். மக்கள் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான்: ஓர் ஒட்டகம், அதன் மேல் ஒரு பெண், கயிற்றைப் பிடித்து நடந்து வரும் ஓர் ஆண். மீதியை நயவஞ்சகர்கள் எழுதினார்கள், நல்ல முஸ்லிம்கள் சிலரும் வாயில் சுமந்தார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் அந்தப் பேச்சு ஓடியது. அன்னை அழுது அழுது தூக்கம் இழந்தார்கள். வஹீ வந்து அவர்களுடைய தூய்மையைச் சொன்னபோது, அந்த வசனங்கள் அவதூறு சொன்னவர்களை மட்டும் கண்டிக்கவில்லை. கேட்ட உடனே தங்களைப் பற்றி நல்லெண்ணம் கொள்வதைப் போலக் கொண்டிருக்கக் கூடாதா என்று கேட்டவர்களையும் கண்டித்தன.

ஆனால் சரியாக யோசித்த ஒரு வீடும் மதீனாவில் இருந்தது. அபூ அய்யூப் அன்ஸாரி (ரழி) அவர்களின் வீடு. அவருடைய மனைவி ஊரில் ஓடும் பேச்சைப் பற்றிக் கேட்டபோது, அது பொய் என்றார். பிறகு, நீ அப்படிச் செய்வாயா என்று மனைவியிடமே கேட்டார். மாட்டேன் என்றார் அந்த அம்மையார். உன்னைவிட ஆயிஷா சிறந்தவர் அல்லவா என்றார் கணவர். அவ்வளவுதான், அந்த வீட்டில் அந்தப் பேச்சு முடிந்தது. அந்தக் கேள்வி என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். வேறு ஒருவரின் குணத்தைத் தோண்டுவதை விட்டுவிட்டு, அந்த இடத்தில் நான் இருந்தால் என்று யோசிக்க வைக்கிறது. குணத்திலிருந்து சூழ்நிலைக்குக் கண்ணைத் திருப்புகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை நாம் பயானில் அதிகம் பேசுவதில்லை. நபி (ஸல்) அவர்கள் இஃதிகாஃப் இருந்தபோது அன்னை ஸஃபிய்யா (ரழி) இரவில் பார்க்க வந்தார்கள். திரும்பும்போது நபியவர்கள் வழியனுப்பக் கூட நடந்தார்கள். அந்த வழியில் போன அன்ஸாரிகள் இருவர் வேகமாக நடையைக் கட்டினார்கள். நபியவர்கள் அவர்களை நிறுத்தி, இவர் என் மனைவி ஸஃபிய்யா என்று சொன்னார்கள். அவர்கள் பதறிப்போனார்கள், உங்களைப் பற்றியா நாங்கள் தவறாக நினைப்போம் என்று. ஷைத்தான் மனிதனுக்குள் இரத்தம் ஓடுகிற இடமெல்லாம் ஓடுகிறான், உங்கள் உள்ளத்தில் எதையாவது போட்டுவிடுவானோ என்று அஞ்சினேன் என்ற கருத்தில் நபியவர்கள் விளக்கினார்கள். சந்தேகப்படாதே என்று பார்ப்பவரிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை, சந்தேகம் வர இடம் கொடுக்காமல் தாமே விளக்கம் சொன்னார்கள். ஜமாஅத் கணக்கைப் பலகையில் ஒட்டாமல் வைத்துக்கொண்டு, கேட்பவனை 'கெட்ட எண்ணக்காரன்' என்று சொல்கிறவர்கள் இந்த நிகழ்ச்சியை இரண்டு முறை படிக்க வேண்டும். துபாய்த் தம்பிக்கும் இது பொருந்தும். 'டியூட்டி, காலையில பேசறேன்ண்ணே' என்று போட அரை நிமிடம்கூட ஆகாது.

சரி, இப்போது நம்முடைய சொந்த நெஞ்சுக்கு வருவோம்.

சூரத்துல் ஹுஜுராத்தின் 12-வது வசனம் மூன்று விஷயங்களைத் தடுக்கிறது. அவை வரும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் சந்தேகம், அடுத்து துருவி ஆராய்தல், அடுத்து புறம் பேசுதல். ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுக்கிறது. சந்தேகம் வந்தவனுக்கு உறுதிப்படுத்தாமல் தூக்கம் வராது, அதனால் துருவுவான். துருவிக் கிடைத்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது, அதனால் பேசுவான். இன்றைய நடத்தைச் சிகிச்சையிலும் நோயாளியிடம் இப்படி ஒரு சங்கிலியைத்தான் வரையச் சொல்கிறார்கள்: என்ன நடந்தது, என்ன எண்ணம் வந்தது, உடம்பிலும் மனதிலும் என்ன ஏற்பட்டது, நீ என்ன செய்தாய். சங்கிலியை எந்தக் கண்ணியில் வெட்டுவது என்பதே சிகிச்சை.

எண்ணம் வராமலேயே செய்துவிட முடியுமா? முடியாது. ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960-களில் நோயாளிகளைக் கவனித்து, மனதில் தானாக ஓடும் எண்ணங்கள் என்று ஒன்றைக் கண்டார். யாரும் கூப்பிட்டு அவை வருவதில்லை. நம்முடைய உலமாக்கள் இந்த விஷயத்தை வேறு நோக்கத்தோடு, அதாவது எதற்குக் கேள்விகணக்கு உண்டு, எதற்கு இல்லை என்று தெரிந்துகொள்வதற்காக, நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நெஞ்சில் சட்டென்று விழுவது ஹாஜிஸ். விழுந்தது கொஞ்சம் உலவினால் காத்திர். செய்வோமா வேண்டாமா என்று உள்ளுக்குள் பேச்சு நடந்தால் ஹதீஸுந் நஃப்ஸ். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹம்மு. முடிவெடுத்துவிட்டால் அஸ்மு. முதல் மூன்றுக்கும் குற்றம் இல்லை. நான்காவதில் நல்லதுக்குச் சாய்ந்தால் நன்மை எழுதப்படும், கெட்டதுக்குச் சாய்ந்து செய்யாமல் விட்டால் தீமை எழுதப்படாது. ஐந்தாவதுக்குத்தான் பொறுப்பு உண்டு என்பது பெரும்பாலான உலமாக்களின் கருத்து. மனதில் தோன்றுவதை, அதைப் பேசாத வரை, செய்யாத வரை, இந்த உம்மத்துக்கு அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்ற கருத்தில் வரும் ஹதீஸ்தான் இதற்கெல்லாம் அடிப்படை.

வெளியே சொல்லவே வாய் கூசுகிற எண்ணங்கள் எங்களுக்கு வருகின்றன என்று ஸஹாபாக்களே வந்து முறையிட்டிருக்கிறார்கள். நபியவர்கள் அவர்களைத் திட்டவில்லை. அப்படிக் கூசுகிறதே, அதுதான் ஈமானின் அடையாளம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். எத்தனையோ இளைஞர்கள் இந்த ஹதீஸ் தெரியாமல், கெட்ட எண்ணம் வந்ததாலேயே தான் கெட்டவன் என்று முடிவு கட்டி, பள்ளிவாசலுக்கு வருவதையே விட்டிருக்கிறார்கள்.

மைண்ட்ஃபுல்னெஸ் என்று சொல்கிறார்களே, அது வேலை செய்வது சரியாக இந்த முதல் மூன்று படிகளில்தான். ஜான் கபட்-ஸின் என்பவர் 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில், நாள்பட்ட வலியோடு வந்தவர்களுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். வகுப்பில் என்ன செய்கிறார்கள்? ஓர் உலர்ந்த திராட்சையைக் கையில் வைத்துப் பல நிமிடம் பார்க்கிறார்கள், முகர்கிறார்கள், மெதுவாக மெல்லுகிறார்கள். படுத்துக்கொண்டு கால் விரலிலிருந்து தலை வரை உடம்பின் ஒவ்வோர் இடத்தையும் கவனிக்கிறார்கள். மூச்சைக் கவனிக்கிறார்கள். கவனம் ஓடிவிட்டால் ஓடிவிட்டது என்று தெரிந்து, தன்னைத் திட்டிக்கொள்ளாமல் திரும்பக் கொண்டு வருகிறார்கள். இவ்வளவுதானா என்றால், இவ்வளவுதான்.

இதையும் பெக்கின் சிகிச்சையையும் சேர்த்து ஸீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று அறிஞர்கள், மனச்சோர்வு நோய் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு ஒரு முறையை வகுத்தார்கள். 2000-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 145 பேர் கலந்துகொண்டார்கள். முன்பு மூன்று முறையோ அதற்கு மேலோ நோய் வந்து போனவர்களில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு 66 சதவீதம் பேருக்கு மீண்டும் வந்தது. இந்தப் பயிற்சியையும் பெற்றவர்களில் 37 சதவீதம் பேருக்கு வந்தது. இரண்டு முறை மட்டுமே நோய் வந்தவர்களுக்கு இந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் அவர்களே எழுதினார்கள். எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் மருந்து என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

பலன் எப்படி வருகிறது? மனச்சோர்வுக்காரருக்கு 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்று ஓர் எண்ணம் வருகிறது. அதை அவர் உண்மை என்று எடுத்துக்கொள்கிறார், அதற்கு ஆதாரம் தேடுகிறார், பழைய கணக்கையெல்லாம் கிளறுகிறார், கிணற்றுக்குள் இறங்குகிறார். பயிற்சி அவருக்குக் கற்றுத் தருவது: 'நான் லாயக்கில்லை என்று ஓர் எண்ணம் வந்திருக்கிறது.' வார்த்தை கொஞ்சம்தான் மாறியது. ஆனால் முதலாவதில் அவர் எண்ணத்துக்குள் இருக்கிறார், இரண்டாவதில் எண்ணம் அவருக்கு எதிரில் இருக்கிறது.

தமிழ் பேசுகிற நமக்கு இது புதிதும் இல்லை. கோபத்தைப் பற்றிச் சொல்லும்போது 'எனக்குக் கோபம் வந்தது' என்கிறோம். 'எனக்குப் பயமாக இருக்கிறது', 'எனக்கு இப்படித் தோன்றுகிறது'. வந்தது, இருக்கிறது, தோன்றுகிறது! விருந்தாளியைப் பற்றிப் பேசுவது மாதிரி பேசுகிறோம். நான்தான் கோபம் என்று நம் மொழி சொல்லுவதில்லை, கோபம் என்னிடம் வந்தது என்கிறது. வந்த விருந்தாளிக்கு வாசலில் ஸலாம் சொல்லலாம். வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை. கோபம் வந்தால் நிற்கிறவர் உட்காரட்டும், அதிலும் தணியவில்லை என்றால் படுக்கட்டும் என்று நபியவர்கள் வழி சொன்னதும், வந்ததுக்கும் செய்வதுக்கும் நடுவில் இடைவெளி வைக்கத்தானே?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். போகலாமா?

இந்தப் பயிற்சியின் வேர் பௌத்தத் தியானத்தில் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. பர்மாவில் பிறந்து வளர்ந்த எஸ்.என். கோயங்கா 1969-ல் இந்தியா வந்து விபஸ்ஸனா வகுப்புகளைத் தொடங்கினார். 1994-ல் டெல்லி திஹார் சிறையில் ஏறத்தாழ ஆயிரம் கைதிகளுக்கு ஒரே நேரத்தில் அந்தப் பயிற்சி கொடுக்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் சொல்லித் தருவது அதிலிருந்து சமயக் கொள்கையைக் கழித்துவிட்டு, கவனப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்டது. அகழ்ப் போருக்கு அகழி தோண்டும் யோசனை பாரசீகத்து ஸல்மான் (ரழி) சொன்னது. நெருப்பு வணங்கிகளின் நாட்டுப் போர் முறை என்று நபியவர்கள் அதைத் தள்ளவில்லை. மருந்தும் அப்படித்தான். ஆனால் வகுப்பில் மந்திரம் ஓதச் சொன்னால், சிலைக்கு முன் வணங்கச் சொன்னால், மறுபிறவியை ஏற்கச் சொன்னால், மரியாதையாக 'எனக்கு வேண்டாம்' என்று எழுந்து வந்துவிட வேண்டும். மூச்சைக் கவனிப்பதில் ஷிர்க் எதுவும் இல்லை.

தீர்ப்புச் சொல்லாமல் பார் என்று அவர்கள் சொல்கிறார்கள், நம் மார்க்கமோ உன்னை நீயே விசாரி என்கிறதே, இரண்டும் முரண்படவில்லையா? நல்ல கேள்வி. 857-ல் மறைந்த ஹாரிஸ் அல்-முஹாஸிபி அவர்களுக்கு அந்தப் பெயரே தன்னைத்தானே கணக்குக் கேட்பதால் வந்தது. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் முராகபாவுக்கும் முஹாஸபாவுக்கும் தனியாக ஒரு பகுதியே எழுதினார். ஆனால் மேலே சொன்ன ஐந்து படிகளை வைத்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். தானாக வந்ததைத் திட்டாதே, அதைப் பார். நீ எடுத்த முடிவை, செய்த செயலை விசாரி. இன்று நாம் செய்வது தலைகீழ். வந்த எண்ணத்துக்காக இரவெல்லாம் அழுகிறோம், பேசிய புறத்துக்காக ஒரு நிமிடம் வருந்துவதில்லை.

வேறு ஒரு வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறது. முராகபா என்றால் நான் என்னைக் கவனிப்பது மட்டும் இல்லை, என்னை ஒருவன் கவனிக்கிறான் என்ற உணர்வு. ஆஸ்பத்திரி வகுப்பில் அது இருக்காது, இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. அதேபோல், தொழுகையை மன அழுத்தம் குறைக்கும் உடற்பயிற்சி என்று விளக்குகிறவர்களின் பேச்சை நான் ரசிப்பதில்லை. தொழுகை அல்லாஹ்வுக்காக. நிம்மதி கிடைத்தால் அது அவன் தரும் கூலி. நிம்மதி கிடைக்காத நாளிலும் லுஹர் நான்கு ரக்அத்துதான்.

'எல்லாம் நம்மிடம் முன்பே இருக்கிறது' என்று மார்தட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல்க் நகரத்து அபூ ஸைத் அல்-பல்கீ, 934-ல் மறைந்தவர், உடலையும் உள்ளத்தையும் பேணுவது பற்றி எழுதிய நூலில் கோபம், அச்சம், கவலை, வஸ்வாஸ் என்று தனித்தனி அத்தியாயம் வைத்தார். காரணம் தெரிந்த கவலையையும் காரணம் தெரியாத கவலையையும் பிரித்தார். உடம்புக்கு அவசர மருந்து எடுத்து வைப்பது போல, மனம் நன்றாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைக்கச் சொன்னார். சூடான் நாட்டு மனவியலாளர் மாலிக் பத்ரி, 2021-ல் மறைந்தவர், அந்த நூலை இன்றைய உலகுக்கு அறிமுகம் செய்தார். பெருமைதான். ஆனால் பல்கீக்குப் பிறகு ஆயிரம் ஆண்டுகள் அந்த நூலை நாம் என்ன செய்தோம்? எட்டு வாரம் உட்கார்ந்து, ஆட்களை எண்ணி, பலன் இல்லாத இடத்தில் இல்லை என்று எழுதியவர்கள் வேறு ஆட்கள்.

இனி, ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கிற ஒரு நோயைப் பற்றி. ஹவுழில் ஒருவர் கை கழுவுகிறார். மூன்று முறை முடிந்தது. நனைந்ததா என்று சந்தேகம், மறுபடி கழுவுகிறார். ஜமாஅத் முதல் ரக்அத் போய்விட்டது, இரண்டாவதும் போய்விட்டது, அவர் இன்னும் முழங்கையில் இருக்கிறார். வீட்டில் பாத்ரூம் கதவுக்கு வெளியே மனைவி நிற்கிறார், தண்ணீர் தொட்டி காலியாகிறது. இதை நாம் பேணுதல் என்று பாராட்டுகிறோம், அல்லது ஷைத்தான் பிடித்திருக்கிறான் என்று ஏசுகிறோம். இரண்டும் அவருக்கு உதவாது. 16-ஆம் நூற்றாண்டின் ஷாஃபிஈ இமாம் இப்னு ஹஜர் அல்-ஹைதமீ, வஸ்வாஸுக்கு மருந்து அதை முற்றிலும் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் என்ற கருத்தில் ஃபத்வா கொடுத்தார். விக்டர் மேயர் என்ற மருத்துவ மனவியலாளர் 1966-ல் லண்டனில் வெளியிட்ட சிகிச்சையும் அதே திசையில் போகிறது. அசுத்தம் என்று தோன்றும் பொருளைத் தொடவிட்டு, கழுவும் துடிப்பு வந்தாலும் கழுவவிடாமல் கூட இருந்து பார்த்துக்கொள்வது. பதற்றம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். இறங்கும் என்று அவருடைய உடம்பே கற்றுக்கொள்ளும்.

குடும்பத்தாருக்கு ஒன்று சொல்கிறேன். 'ஒளூ கூடிடுச்சா?' என்று அவர் பத்து முறை கேட்டால் பத்து முறையும் 'கூடிடுச்சு' என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்குத் தீனி. ஹழ்ரத்மார்களும் அப்படித்தான். ஒரே மஸ்அலாவை ஒரே ஆள் நாள்தோறும் போனில் கேட்டால், அவர் ஃபத்வா தேடவில்லை, நோயில் இருக்கிறார் என்று புரிந்து டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

இந்தப் பயிற்சிகளுக்கு ஓர் எல்லையும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. நம் ஜெயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரி அனல்மின் திட்டத்துக்காக 1990-களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. முந்திரிக் காடும் புஞ்சையும் போயின. மின் நிலையம் வரவில்லை. இழப்பீடு போதாது என்று விவசாயிகள் வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கினார்கள். அந்த விவசாயியிடம் போய், 'கோபம் வந்தால் மூச்சைக் கவனி, தீர்ப்புச் சொல்லாதே' என்று சொல்லியிருந்தால் அது சிகிச்சையா? அவருடைய கோபம் மனதின் பிசகு இல்லை, நடந்ததை அவர் சரியாகத்தான் பார்த்தார். அடிக்கிற கணவனிடம் இருக்கும் பெண்ணுக்கும், சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கும் முதலாளியிடம் இருக்கும் தொழிலாளிக்கும் இதே பேச்சுதான். அவர்களுக்கு ஸப்ர் சொல்லிக் கொடுக்கிறவர் முதலில் அநீதி செய்கிறவனிடம் போய் ஒரு வார்த்தை பேசட்டும். சந்தேகம் கூடாது என்றால் அத்தாட்சியையும் மூடிவை என்று அர்த்தமில்லை. அந்த வசனம்கூட எல்லா எண்ணமும் பாவம் என்று சொல்லவில்லை, சிலது பாவம் என்றுதான் சொல்கிறது.

கடைசியாக, மனநோயாளியைப் பற்றி நாம் எழுதும் தீர்ப்பு. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். ஓட முடியவில்லை. அவர்களைக் கொண்டு வந்து விட்டவர்கள் கொடியவர்கள் இல்லை, தாயும் தகப்பனும் அண்ணன் தம்பியும்தான். குணமாகும் என்று நம்பி தர்காவைத் தேடி வந்தவர்கள், ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சியவர்கள். அந்த ஊர்ப் பேச்சைச் சேர்த்தது யார்? 'பைத்தியம்', 'பேய் பிடிச்சது', 'அந்த வீட்ல பொண்ணு எடுக்காதே' என்று சொன்ன நாம்தான். அதன் பிறகு அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன, 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள். உச்ச நீதிமன்றமும் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2017-ன் மனநலச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது. பின்னர் ஏர்வாடியிலேயே துஆவோடு மருந்தும் என்ற முறையில் மனநல மருத்துவ உதவி ஏற்பாடு செய்யப்பட்டது. துஆவை யாரும் விடச் சொல்லவில்லை.

நமக்கு இப்போது தூரமும் ஒரு சாக்கு இல்லை. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம், பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை. தற்கொலை எண்ணம் என்று ஒருவர் வாய் திறந்தால், ஹராம் என்று வகுப்பு எடுப்பதை அப்புறம் வைத்துக்கொண்டு, முதலில் அவர் பக்கத்தில் உட்காருங்கள், தனியாக விடாதீர்கள், அந்த எண்ணுக்குப் போன் போட்டுக் கொடுங்கள். கடும் அதிர்ச்சியில் இருக்கிறவர்களும் மனச்சிதைவு நோய் உள்ளவர்களும் யூடியூப் பார்த்து நீண்ட தியானத்தில் இறங்க வேண்டாம், டாக்டரைக் கேட்டுச் செய்யட்டும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரமழான் வந்ததும் தாங்களாகவே நிறுத்திவிடுவதும் நடக்கிறது. நிறுத்தாதீர்கள். ஷஅபானிலேயே டாக்டரிடம் போய், ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான மாத்திரைகளுக்கு அது முடியும். முடியாது, நோன்பு வைத்தால் நோய் கூடும் என்று அவர் சொன்னால், நோயாளிக்கான சலுகை உங்களுக்கும் உண்டு. சர்க்கரை நோயாளிக்கு இருப்பது போலவே. களாவா ஃபித்யாவா என்பது நோயின் நிலையைப் பொறுத்தது. டாக்டர் எழுதித் தந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு இமாமிடம் வந்து கேளுங்கள், தனியாகப் பேசிக்கொள்ளலாம்.